முப்பது லிட்டருக்குள் ஓர் ஆறு

மேசை மூலையில் அடங்கும் செடித்தொட்டிகள் நகரத்து வீடுகளில் பெருகிவருகின்றன. அவற்றில் நீந்தும் விரல்நுனி மீன்கள் எங்கிருந்து வருகின்றன, எங்கே போய்ச் சேர்கின்றன?

விடுமுறை நாள் காலை. சென்னை கொளத்தூரின் மீன் கடைத் தெருக்களில் வெயில் ஏறும் முன்பே ஆக்சிஜன் சிலிண்டரின் சீறல் கேட்கத் தொடங்கிவிடுகிறது. பாலிதீன் பையில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர், மிச்சம் முழுக்க ஆக்சிஜன். பையின் கழுத்தை ஒரு முறுக்கு முறுக்கி ரப்பர் பேண்டை இரண்டு சுற்று சுற்றினால், பை விறைப்பாக உப்பி நிற்கிறது. உள்ளே கப்பி மீன்கள் கூட்டமாக ஒரு பக்கம் ஓடி, கூட்டமாகவே திரும்புகின்றன. அடுத்த கடைப் பலகையில் வரிசையாகக் குப்பிகள், குப்பிக்கு ஒரு ஃபைட்டர். பக்கத்துக் குப்பியில் இன்னோர் ஆண் கண்ணில் பட்டதும் செவுள் மூடிகளை விரித்துக்கொண்டு சண்டைக்கு நிற்கிறது.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு வரும் கல்லூரி மாணவர் ஒருவர் கடைக்காரரிடம் போனை நீட்டுகிறார். "இந்த மாதிரி வேணும்ணா." திரையில் ஒரு சின்னக் கண்ணாடிப் பெட்டி. பாசி படர்ந்த மரக்கட்டை, தரை முழுக்கப் புல்வெளி, நடுவே பத்துப் பன்னிரண்டு சிவப்புப் புள்ளிகள். புள்ளி ஒவ்வொன்றும் ஒரு மீன்.

முன்பெல்லாம் இதே தெருவுக்கு வருகிறவர்கள் கேட்டது மூன்றடித் தொட்டி, நீல நிறக் கூழாங்கல், வாய் திறந்து மூடும் பிளாஸ்டிக் முதலை, நாலு கோல்டு பிஷ். இப்போது கேட்பது 'நானோ டேங்க்'. இடம் குறைவான வாடகை வீடு, வீட்டிலிருந்தே பார்க்கும் வேலை, செல்போனில் ஓடும் காணொளிகள் எல்லாம் சேர்ந்து இந்த ஆசையை வளர்த்திருக்கின்றன. நல்ல ஆசைதான். ஆனால் தொட்டி சிறிது என்பதால் பொறுப்பும் சிறிது என்ற எண்ணத்தோடு வாங்குகிறவர்கள் ஏராளம். அந்த எண்ணத்தின் விலையை முதலில் கொடுப்பது மீன். அடுத்துக் கொடுப்பவை ஆறும் ஏரியும்.

விரல்நுனி உலகம்

பொதுவாக 40 லிட்டருக்கு உட்பட்ட தொட்டியை நானோ என்கிறார்கள். நீளம், அகலம், உயரம் மூன்றும் 30 சென்டிமீட்டர் உள்ள கண்ணாடிப் பெட்டி 27 லிட்டர் கொள்ளும். இதற்குள் வாழத் தகுந்தவை நான்கு சென்டிமீட்டரைத் தாண்டாத மீன்கள். போர்னியோத் தீவின் சதுப்புக் காடுகளில் வாழும் சில்லி ரஸ்போரா இரண்டு சென்டிமீட்டர்தான் வளரும். பிரேசிலின் அரகுவாயா ஆற்றுப் படுகையைச் சேர்ந்த எம்பர் டெட்ராவும் அதே அளவு. மியான்மரின் செலஸ்டியல் பேர்ல் டேனியோ, கேரளத்தின் பீ பஃபர், தாய்வானிலும் சீனாவிலும் பழுப்பு நிறத்தில் திரிந்து தொட்டிகளில் செந்நிறமாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட செர்ரி இறால் என்று பட்டியல் நீளும்.

தொட்டியை மீன் காட்சியாக மட்டும் பாராமல், செடியும் கல்லும் கட்டையும் சேர்ந்த நிலக்காட்சியாகப் பார்க்கக் கற்றுக்கொடுத்தவர் ஜப்பானின் தகாஷி அமானோ. சைக்கிள் பந்தய வீரராக இருந்து புகைப்படக் கலைஞரானவர். 1982-இல் நீகாத்தாவில் தன் நிறுவனத்தைத் தொடங்கினார். அவர் கடைசியாக அமைத்தது 2015-இல் லிஸ்பன் நகரக் கடல்வாழ் உயிரினக் காட்சியகத்தில்: 40 மீட்டர் நீளம், 1,60,000 லிட்டர் தண்ணீர். அதே ஆண்டு அவர் காலமானார். பாசி தின்னும் ஓர் இறாலைத் தொட்டிக்குள் கொண்டுவந்ததும் அவரே. உலகெங்கும் கடைகளில் அதை 'அமானோ இறால்' என்றே விற்கிறார்கள்.

> சிறிதினும் சிறிது
>
> ● 2006-இல் விவரிக்கப்பட்ட பெடோசிப்ரிஸ் ப்ரோஜெனெட்டிகா என்ற மீன் சுமத்ராவின் கரிச்சதுப்பு நிலத்தில் கிடைத்தது. முதிர்ந்த பெண் மீனின் நீளம் 7.9 மில்லிமீட்டர்.
>
> ● மியான்மர் ஓடைகளில் வாழும் டேனியோனெல்லா செரிப்ரம் சுமார் 12 மில்லிமீட்டர். உடல் கண்ணாடியாகத் தெளிந்திருக்கும். காற்றுப்பையைத் தட்டி அது எழுப்பும் ஒலி, ஓர் உடல் நீளத் தொலைவில் 140 டெசிபெலைத் தாண்டுவதாக 2024-இல் ஆய்வாளர்கள் அறிவித்தார்கள்.
>
> ● பீ பஃபர், உலகின் மிகச் சிறிய பஃபர் மீன்களில் ஒன்று. மூன்றரை சென்டிமீட்டரைத் தாண்டாது. பம்பை ஆற்றிலிருந்து 1941-இல் ஹோராவும் நாயரும் விவரித்தார்கள்.

தண்ணீர் குறைந்தால் தவறுக்கும் இடம் குறையும்

புதிதாகத் தொடங்குகிறவர்களில் பலர் முதல் மாதத்திலேயே மீன்களை இழக்கிறார்கள். பழி பெரும்பாலும் கடைக்காரர் மீது விழும். காரணம் பெரும்பாலும் தண்ணீருக்குள் இருக்கும்.

மீனின் கழிவும் மிஞ்சிய தீனியும் அம்மோனியாவாக மாறும். ஒருவகை நுண்ணுயிர்கள் அதை நைட்ரைட்டாக்கும், இன்னொரு வகை நைட்ரேட்டாக்கும். முதல் இரண்டும் மீனுக்கு நஞ்சு. மூன்றாவது ஓரளவு பொறுக்கக்கூடியது, செடிக்கு உரம். இந்த நுண்ணுயிர்கள் வடிகட்டியின் ஸ்பாஞ்சிலும் மண்ணிலும் குடியேற நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். தொட்டி வாங்கிய அன்றே மீனையும் வாங்கிப் போகிறவர்கள் இந்தக் குடியேற்றம் நடக்கும் முன்பே மீனை உள்ளே விடுகிறார்கள். நூறு லிட்டரில் ஒரு மீன் செத்துக் கிடந்தால் சமாளிக்கலாம். இருபது லிட்டரில் அது மற்ற மீன்களையும் கொண்டுபோய்விடும்.

நம் ஊர் வெயிலும் இதில் சேர்ந்துகொள்கிறது. தண்ணீரில் உள்ள அம்மோனியா முழுவதும் கொடிய வடிவில் இருப்பதில்லை. 25 டிகிரி வெப்பத்தில், பி.எச். 7 உள்ள தண்ணீரில், நூற்றில் அரைப் பங்குக்குச் சற்று மேல்தான் நச்சு வடிவம். 30 டிகிரியில், பி.எச். 8 என்று ஆனால் அது நூற்றுக்கு ஏழரைப் பங்காகிவிடும். ஏறக்குறைய 13 மடங்கு. சென்னையில் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் ஊற்றிய தொட்டி மே மாதத்தில் இந்த நிலையைச் சாதாரணமாக எட்டும். போதாக்குறைக்கு, 25 டிகிரியில் லிட்டருக்கு 8.3 மில்லிகிராம் வரை ஆக்சிஜனைத் தாங்கும் நன்னீர், 32 டிகிரியில் 7.3 மில்லிகிராம்தான் தாங்கும். மீனுக்கு மூச்சு அதிகம் தேவைப்படும் நேரத்தில் தண்ணீரில் காற்று குறைகிறது.

செடிகள் உதவிக்கு வருவது இங்கேதான். பெரும்பாலான நீர்ச்செடிகள் நைட்ரேட்டைவிட அம்மோனியத்தை விரும்பி உறிஞ்சும். செடி அடர்ந்த தொட்டி அதனால்தான் நிலையாக இருக்கிறது. இதற்கு விலையுயர்ந்த செடியும் கார்பன் டை ஆக்சைடு சிலிண்டரும் கட்டாயமில்லை. ஜாவா பாசி, ஜாவா ஃபெர்ன், அனுபியாஸ், இலங்கையின் ஈர நிலங்களிலிருந்து உலகத் தொட்டிகளுக்குப் போன கிரிப்டோகோரைன் வகைகள் எல்லாமே குறைந்த வெளிச்சத்தில் வளரும். வயல் வரப்போரம் முளைக்கும் நீர்ப்பிரம்மி கூடத் தண்ணீருக்குள் நன்றாக நிமிர்ந்து வளர்ந்து, 'பகோபா' என்ற பெயரில் தொட்டிச் செடியாக விற்பனையாகிறது. விளக்கு ஒரு நாளைக்கு ஆறிலிருந்து எட்டு மணி நேரம் போதும். கூடினால் கண்ணாடியில் பச்சைப் பாசி அப்பிக்கொள்ளும்.

தண்ணீருக்கு ஏற்ற மீனைத் தேர்ந்தெடுப்பது அடுத்த பாடம். கப்பியும் மோலியும் உப்புச்சத்து மிகுந்த கடின நீரில் செழிக்கும். சில்லி ரஸ்போராவின் ஊரில் தண்ணீர் தேநீர் நிறத்தில் புளித்துக் கிடக்கும், கடினத்தன்மை இல்லவே இல்லை. போர்வெல் தண்ணீரில் அதை விடுவது கொடுமை. மொட்டைமாடியில் பிடித்துவைத்த சுத்தமான மழைநீர் அல்லது ஆர்.ஓ. தண்ணீர் கலந்துதான் வளர்க்க முடியும். குழாய்த் தண்ணீர் என்றால் ஓர் இரவு காற்றோட்டத்தில் வைத்தோ, ஆன்டி குளோரின் சொட்டு விட்டோதான் ஊற்ற வேண்டும். செலஸ்டியல் பேர்ல் டேனியோ கடல் மட்டத்திலிருந்து ஆயிரம் மீட்டருக்கு மேல் உள்ள குளிர்ந்த குட்டைகளின் மீன். ஏ.சி. இல்லாத அறையில் சித்திரை வெயிலை அது தாங்காது.

குஞ்சு பொரிக்கும் நாள்

மீன் வளர்ப்பில் உண்மையான பரவசம் முதல் குஞ்சைக் காணும்போது வருகிறது. காலையில் விளக்கைப் போட்டதும் பாசிக்குள் இரண்டு கண்கள் மட்டும் மிதப்பது தெரியும். உடல் பிறகுதான் புலப்படும்.

கப்பியில் இதற்குத் திறமை வேண்டியதில்லை. ஏறக்குறைய மாதம் ஒருமுறை, இருபது, முப்பது, சில நேரம் அதற்கும் மேல் என்று நேராகக் குட்டியே போடும். பெண் கப்பி ஆணின் விந்தணுவை மாதக்கணக்கில் உடலுக்குள் சேமித்துவைத்துக்கொள்ளும். ஆண் இல்லாத தொட்டியிலும் குட்டி தொடர்ந்து பிறப்பது இதனால்தான். கப்பியில் திறமை தேவைப்படுவது தேர்வில். வால் அமைப்பு, நிறம், செதில் பளபளப்பு மாறாமல் வர வேண்டுமென்றால் பால் அடையாளம் தெரிந்தவுடன், மூன்று நான்கு வாரத்துக்குள், ஆணையும் பெண்ணையும் பிரித்துவிட வேண்டும். கொளத்தூரிலும் அதைச் சுற்றியும் மொட்டைமாடியில் சிமென்ட் தொட்டி கட்டி இதைச் செய்யும் குடும்பங்கள் பள்ளிக்கூடப் பாடத்தில் படிக்காத மரபியலைக் கையால் கற்றவை. ஒரே வம்சத்துக்குள் திரும்பத் திரும்பச் சேர்த்தால் முதுகு வளைந்த குஞ்சுகளும் நோய்க்கு எளிதில் ஆட்படும் மீன்களும் வரும் என்பதும் அவர்கள் பட்டு அறிந்தது.

ஃபைட்டரின் கதை வேறு. தாய்லாந்து 2019-இல் தன் தேசிய நீர்வாழ் உயிரினமாக அறிவித்த மீன் இது. ஆண், நீர்ப்பரப்பில் எச்சில் குமிழிகளால் கூடு கட்டுகிறது. பெண்ணை வளைத்துப் பிடித்து, உதிரும் முட்டைகளை வாயால் பொறுக்கிக் கூட்டில் ஒட்டுகிறது. அதன்பின் பெண்ணை எடுத்துவிட வேண்டும், இல்லையேல் ஆண் அதைக் கடித்தே கொன்றுவிடும். ஒன்றிரண்டு நாளில் குஞ்சு பொரிகிறது. கூட்டிலிருந்து தவறி விழும் ஒவ்வொரு குஞ்சையும் தகப்பன் வாயில் எடுத்துவந்து மறுபடி கூட்டில் வைக்கிறான். நம் ஊர் வளர்ப்பாளர்கள் இந்தத் தொட்டியில் காய்ந்த நாட்டு வாதுமை இலை ஒன்றைப் போடுவது வழக்கம். இலையிலிருந்து இறங்கும் துவர்ப்புச் சாறு தண்ணீரைப் பழுப்பாக்கிச் சற்று அமிலமாக்கும். மட்கும் இலையில் பெருகும் நுண்ணுயிர்கள் குஞ்சுகளுக்கு முதல் தீனியாகும்.

முட்டையிட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காத சிறு மீன்களுக்குச் செடிதான் காவல். செலஸ்டியல் பேர்ல் டேனியோ பாசிக்குள் முட்டைகளை உதிர்த்துவிட்டு, கண்ணில் பட்டவற்றைத் தானே தின்னும். பாசி எவ்வளவு அடர்த்தியோ அவ்வளவு குஞ்சு மிஞ்சும். வளர்ப்பாளர்கள் ஒரு பாசிக் கட்டையைச் சில நாள் தொட்டியில் வைத்து, பிறகு அப்படியே தூக்கி வேறு சின்னத் தொட்டிக்கு மாற்றிவிடுகிறார்கள். மூன்று நான்கு நாளில் முட்டை பொரிந்து, குஞ்சுகள் கண்ணாடியில் ஊசி ஊசியாய் ஒட்டிக்கொண்டு நிற்கும்.

> முதல் பத்து நாள் தீனி
>
> ● இன்ஃபுசோரியா: பழைய தொட்டித் தண்ணீரில் காய்ந்த இலை அல்லது முட்டைக்கோஸ் துண்டு ஊறவைத்தால் பெருகும் நுண்ணுயிர்கள். கண்ணுக்குத் தெரியாத வாய்களுக்கு இதுதான் உணவு.
>
> ● ஆர்டீமியா: உப்புநீரில் காற்றுக் குழாய் விட்டுவைத்தால் சுமார் 24 மணி நேரத்தில் பொரியும் இறால் குஞ்சு. பொரித்த அன்றே கொடுத்தால்தான் சத்து மிகுதி.
>
> ● மொய்னா: பச்சைத் தண்ணீரில் வளரும் நீர்த்தெள்ளு. மொட்டைமாடித் தொட்டியிலேயே வளர்க்கலாம்.
>
> ● டியூபிபெக்ஸ் புழு: சாக்கடை ஓரங்களில் அள்ளப்படுவது. மலிவு, ஆனால் நோயையும் சேர்த்துக் கொண்டுவரும். சின்னத் தொட்டிக்கு வேண்டாம்.

ஹோபோங் குட்டைகளில் நடந்தது

இந்தச் செலஸ்டியல் பேர்ல் டேனியோ உலகுக்கு அறிமுகமான விதம், நானோ தொட்டி வைத்திருக்கும் எல்லோரும் அறிய வேண்டிய கதை.

2006-ஆம் ஆண்டு. மியான்மரின் ஷான் மாநிலத்தில், இன்லே ஏரிக்குக் கிழக்கே ஹோபோங் என்ற சிற்றூருக்கு அருகில் உள்ள சிறு குட்டைகளில் ஒரு மீன் கிடைத்தது. இருட்டு நீல உடலில் முத்துப் புள்ளிகள், துடுப்புகளில் ரத்தச் சிவப்பு. 'கேலக்ஸி ரஸ்போரா' என்ற வணிகப் பெயரோடு படங்கள் வெளியானதும் ஐரோப்பா, அமெரிக்கா, ஜப்பான் எல்லாம் அதைக் கேட்டன. 2007-இன் தொடக்கத்தில் டைசன் ராபர்ட்ஸ் அதற்கு அறிவியல் பெயர் சூட்டியபோது, பெயர் கிடைக்கும் முன்பே மீன் தீர்ந்துவிடுமோ என்ற அச்சம் கிளம்பியிருந்தது. சில மாதங்களில் அறியப்பட்ட குட்டைகள் சலித்தெடுக்கப்பட்டன. ஏற்றுமதிக்குத் தடை விதிக்கப்பட்டதாகச் செய்தி வந்தது.

மீனைக் காப்பாற்றியவை இரண்டு. வேறு சில இடங்களிலும் அது வாழ்வது பின்னர் தெரியவந்தது. அதைவிட முக்கியமாக, வீட்டுத் தொட்டிகளில் அது எளிதாகக் குஞ்சு பொரித்தது. இன்று பண்ணைகளிலும் வீடுகளிலும் தலைமுறை தலைமுறையாக வளர்ந்த மீனே போதுமான அளவில் கிடைக்கிறது. தொட்டி வைத்திருந்தவர்கள்தான் அந்தக் குட்டைகளுக்கு ஆபத்தாக வந்தார்கள். குஞ்சு பொரிக்கக் கற்றுக்கொண்டபோது அதே ஆட்கள் அதற்குத் துணையும் ஆனார்கள்.

நம் மலை, நம் மீன், யாருடைய தொட்டி?

அந்தப் பாடம் நமக்கு எவ்வளவு நெருக்கமானது என்பதற்கு மேற்குத் தொடர்ச்சி மலையே சான்று. பீ பஃபரை எடுத்துக்கொள்வோம். பச்சைப் பட்டாணி அளவு உடல், தனித்தனியாகச் சுழலும் கண்கள், நத்தையைக் கண்டால் நின்று நிதானித்துப் பாயும் வேட்டை. நானோ தொட்டிக்காகவே படைக்கப்பட்டது என்று சொல்லத் தோன்றும். ஆனால் அது சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் சிவப்புப் பட்டியலில் அழியும் வாய்ப்புள்ள இனம். காட்டு நீர்நிலைகளில் இருந்து நேராகப் பிடித்து விற்கப்படுவதே அதிகம்.

ராஜீவ் ராகவனும் அவருடைய சக ஆய்வாளர்களும் 2013-இல் வெளியிட்ட ஆய்வு இந்த வணிகத்தின் அளவை முதன்முறையாக வெளிச்சமிட்டது. 2005 முதல் 2012 வரை, அச்சுறுத்தலுக்கு உள்ளான 30 இன நன்னீர் மீன்கள் 15 லட்சத்துக்கும் மேல் இந்தியாவிலிருந்து ஏற்றுமதியாகியிருந்தன. அதில் பெரும் பங்கு வகித்த மீன்களில் பீ பஃபரும், 'மிஸ் கேரளா' என்று புகழ்பெற்ற செங்கோட்டு மீனும் அடக்கம்.

மிஸ் கேரளாவின் கதை இன்னும் பழையது. 1865-இல் பிரான்சிஸ் டே அதை விவரித்து, அப்போதைய மதராஸ் ஆளுநர் வில்லியம் டெனிசன் பெயரைச் சூட்டினார். 1997-இல் சிங்கப்பூர் அலங்கார மீன் கண்காட்சியில் பரிசு பெற்றதும் உலகச் சந்தை அதன் பக்கம் திரும்பியது. மீன் குறையத் தொடங்கிய பிறகு 2008-இல் கேரள அரசு பிடிப்பதற்குக் கட்டுப்பாடுகள் கொண்டுவந்தது. ஆனால் தடை மாதங்களும் மீன் முட்டையிடும் மாதங்களும் பொருந்தவில்லை என்று ஆய்வாளர்கள் பின்னர் எடுத்துக்காட்டினார்கள். கொச்சி பனங்காடு மீன்வளக் கல்லூரியில் டி.வி.அன்னா மெர்சி உள்ளிட்டோர் இதையும் இன்னும் பல உள்ளூர் மீன்களையும் செயற்கை முறையில் இனப்பெருக்கம் செய்யும் வழியைக் கண்டறிந்தார்கள். ஆனால் அதைப் பெரிய அளவில் வணிகமாக்கி உலகத்துக்கு விற்பதில் இந்தோனேசியப் பண்ணைகள் முந்திக்கொண்டன. நம் ஆற்றின் மீன், நம் கல்லூரியின் அறிவு, இன்னொரு நாட்டின் வருமானம். இது நாம் வருந்த வேண்டிய கணக்கு. (குஞ்சாக விற்கப்படும் இந்த மீன் பத்து சென்டிமீட்டரைத் தாண்டி வளரும். சின்னத் தொட்டிக்கு இது கூடவே கூடாது.)

கொளத்தூர்த் தொட்டிகளை நிறைப்பவை அமெரிக்கக் கண்டங்களின் கப்பி, மோலி, ஏஞ்சல், டெட்ரா, சீனத்தின் கோல்டு பிஷ், தாய்லாந்தின் ஃபைட்டர். எல்லாம் பண்ணையில் பிறந்தவை, அந்த வகையில் நல்லவை. நம் சொந்தச் சிறு மீன்கள் மட்டும் பண்ணைக்கு வராமல் ஆற்றிலிருந்து பைக்குப் போகின்றன.

அப்படி வளர்க்கத் தகுந்தவை இல்லாமலும் இல்லை. புதுச்சேரி அருகே அரியாங்குப்பம் ஆற்றிலிருந்து கிடைத்த மீனைக் கொண்டு 1831-இல் விவரிக்கப்பட்ட சூடோஸ்பிரோமினஸ் குப்பானஸ் ஒன்று. ஃபைட்டரின் உறவுக்காரன், குமிழிக் கூடு கட்டும், தகப்பன் காவல் நிற்கும், காற்றை நேரடியாகச் சுவாசிக்கும், நம் வெயிலையும் சற்று உவர்ந்த தண்ணீரையும் தாங்கும். வயல் வாய்க்காலிலும் பாசி படிந்த பள்ளங்களிலும் வாழ்வதால் பலர் அதைப் பொருட்படுத்துவதில்லை. இனப்பெருக்கக் காலத்தில் அதன் நிறமேறிய துடுப்புகளைச் செடி அடர்ந்த தொட்டியில் ஒருமுறை பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். இன்னொன்று அப்லோகீலஸ் பார்வஸ். மதராஸ் நன்னீர் மீன்களைப் பற்றி 1916-இல் எழுதிய ஆய்வுக் குறிப்பில் பி.சுந்தர்ராஜ் அறிமுகப்படுத்தியது. தலையில் வெள்ளிப் பொட்டு மின்ன நீர்ப்பரப்பை ஒட்டியே திரியும், கொசுப்புழுவை விரும்பித் தின்னும். நாளுக்குச் சில முட்டைகளாக மிதக்கும் செடியின் வேர்களில் ஒட்டிவைக்கும். மூன்றாவது ஹொரடாண்டியா. இரண்டு மூன்று சென்டிமீட்டரே வளரும் இதன் ஓர் இனம் இலங்கையிலும், இன்னோர் இனம் கேரளத்திலும் வாழ்கிறது. கேரளத்து மீனை 1992-இல் விவரித்தவர்கள் ரெமாதேவியும் மேனனும்.

ஒரு நானோ தொட்டி இந்த மீன்களில் எதையும் தலைமுறை தலைமுறையாக வளர்க்கப் போதும். சரணாலயம், தேசியப் பூங்கா எல்லைக்குள் மீன் பிடிப்பது சட்டப்படி குற்றம், அதற்குள் கால் வைக்கக் கூடாது. ஏற்கெனவே வளர்க்கிற ஒருவரிடமிருந்து நாலைந்து குஞ்சுகளை வாங்கித் தொடங்குவதே சரியான வழி.

தொட்டியிலிருந்து ஏரிக்கு

மீன் உள்ளே வரும் வழியைப் போலவே வெளியே போகும் வழியும் கவலைக்குரியது. வீடு மாற்றும்போதும், குட்டிகள் பெருகிவிட்டபோதும், ஆசை தீர்ந்தபோதும் பலர் செய்வது ஒன்றே: பக்கத்து ஏரியில் கொண்டுபோய் விடுவது. மனதில் கருணையோடுதான் செய்கிறார்கள். விளைவு கருணையாக இருப்பதில்லை.

2020-ஆம் ஆண்டின் இறுதியில் கோழிக்கோடு மாவட்டத்தின் ஆவளப்பாண்டியில் நீர்நிலை முழுக்க இளஞ்சிவப்பாகப் பூத்தது. படமெடுக்க ஊர் ஊராகக் கூட்டம் திரண்டது. பூத்தது கபோம்பா ஃபர்கேட்டா, தென் அமெரிக்காவைத் தாயகமாகக் கொண்ட தொட்டிச் செடி. ஒடிந்த ஒரு துண்டுத் தண்டிலிருந்தே முளைத்து, வெளிச்சத்தை மறைத்து, உள்ளூர்ச் செடிகளை அடக்கி, வாய்க்காலை அடைக்கும். வந்த கூட்டத்தில் பலர் அழகாக இருக்கிறதே என்று தண்டை ஒடித்து எடுத்துக்கொண்டு போனார்கள். தாவரவியலாளர்கள் எச்சரித்ததே அதைத்தான்.

'டேங்க் கிளீனர்' என்று விரலளவில் விற்கப்படும் சக்கர் மீன் ஓர் அடியைத் தாண்டி வளரும். கவசம் போர்த்த உடல், கூரிய முட்கள். தமிழகம், கேரளம், ஆந்திரம் என்று பல இடங்களில் ஏரி குளங்களில் பெருகிவிட்டது. வலையைக் கிழிக்கும், விலை போகாது. நஷ்டம் உள்நாட்டு மீனவருடையது.

கப்பிக்கும் கம்பூசியா என்ற சிறு மீனுக்கும் நாமே கதவு திறந்துவிட்டோம். கொசுவை ஒழிக்கக் கப்பி 1910-லும் கம்பூசியா 1928-லும் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டன. இன்றும் சென்னை மாநகராட்சி உட்பட உள்ளாட்சிகள் கிணறுகளிலும் நீர்நிலைகளிலும் கம்பூசியாவை விடுகின்றன. உலகின் மிக மோசமான 100 அயல் ஊடுருவி இனங்களின் பட்டியலில் கம்பூசியா இருக்கிறது. உள்ளூர் மீன்களின் முட்டையையும் குஞ்சையும் தவளைக் குஞ்சையும் சேர்த்தே தின்னும். மூடிய கிணற்றில் விடுவதில் பெரிய கெடுதல் இல்லை. திறந்த குளத்தில் விட வேண்டியது, அதே கொசுப்புழுவைத் தின்னும் அப்லோகீலஸ் போன்ற உள்ளூர் மீனை. இதை உள்ளாட்சிகள் கொள்கையாகவே எடுத்துக்கொள்ள வேண்டும்.

சட்டமும் பணமும்

2017 மே மாதம் மத்திய அரசு வண்ண மீன் கடைகளுக்கான விதிகளை அறிவித்தது. உருண்டைக் கிண்ணத்தில் மீன் வைத்து விற்கக் கூடாது, 158 இனங்களை விற்கவோ காட்சிக்கு வைக்கவோ கூடாது என்றெல்லாம் சொன்னது. கொளத்தூர் உட்பட நாடெங்கும் வணிகர்கள் எதிர்த்தார்கள், சில மாதங்களிலேயே விதிகள் திரும்பப் பெறப்பட்டன. வணிகர்களின் எதிர்ப்பில் நியாயம் இருந்தது. கடைகளின் நடைமுறை தெரியாமல் எழுதப்பட்ட விதிகள் அவை. ஆனால் அவற்றோடு சேர்ந்து கிண்ணத்துக்கு எதிரான நல்ல விதியும் போய்விட்டது. வடிகட்டி இல்லாத, வெப்பம் சட்டென ஏறி இறங்கும் கண்ணாடிக் கிண்ணம் எந்த மீனுக்கும் வீடாகாது. மேற்பரப்பில் காற்றைச் சுவாசிக்கும் ஃபைட்டருக்கும்கூட இருபது லிட்டர், மூடி, செடி ஆகிய மூன்றும் வேண்டும்.

மறுபக்கம், இதில் வருமானம் உண்டு. 2020-இல் தொடங்கிய பிரதமரின் மீன்வளத் திட்டம் வீட்டுக் கொல்லையில் அமைக்கும் வண்ண மீன் வளர்ப்பு அலகுக்கு 3 லட்சம் ரூபாய், நடுத்தர அலகுக்கு 8 லட்சம், ஒருங்கிணைந்த அலகுக்கு 25 லட்சம் என்று திட்ட மதிப்பை நிர்ணயித்தது. பொதுப் பிரிவினருக்கு 40 சதவீதம், பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் 60 சதவீதம் மானியம். இந்தப் பணத்தில் பெரும்பகுதி இன்னொரு கப்பித் தொட்டிக்கும் இன்னொரு மோலித் தொட்டிக்கும் போவதைவிட, உள்ளூர் இனங்களின் தாய் மீன்களைப் பராமரித்து வீட்டு வளர்ப்பாளர்களுக்குக் குஞ்சு கொடுக்கும் மையங்களுக்குப் போவதே நாட்டுக்கு லாபம். நாகப்பட்டினத்தில் தனி மீன்வளப் பல்கலைக்கழகம் வைத்திருக்கும் மாநிலத்துக்கு இது எட்டாத காரியமில்லை.

அரசு செய்யும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. அடுத்த முறை கடைக்குப் போகும்போது மீனின் விலையைக் கேட்கும் முன் ஒரு கேள்வி கேளுங்கள்: இது பிடித்ததா, வளர்த்ததா? பதில் தெளிவாக வராவிட்டால் அந்த மீனை விட்டுவிட்டு வாருங்கள். தொட்டியைச் செடியோடு ஒரு மாதம் ஓடவிட்ட பிறகே முதல் மீனை வாங்குங்கள். குஞ்சு பெருகினால் நண்பருக்கோ, வாங்கிய கடைக்கோ, பக்கத்துப் பள்ளியின் அறிவியல் அறைக்கோ கொடுங்கள். வெட்டிய செடியை வெயிலில் காயவைத்துக் குப்பையில் போடுங்கள். தொட்டியிலிருந்து எதையும், ஒரு நத்தையைக்கூட, ஏரியில் விடாதீர்கள்.